சோறு இருந்த வீடு

1

என் மகள் ஷிபானா கல்முனையில் கிளினிக் திறந்து இந்த வாரத்தோடு ஒரு வருடமாகிறது. அதைப் பற்றி எழுதலாமா என்று நிந்தவூரில் இருக்கும் ஒரு தாயிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். சொல்லப்போகும் கதையில் பாதி அவருடையது. பெயர்களை மாற்றிவிடுவேன், எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றெல்லாம் முறைப்படி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரேயொரு நிபந்தனை விதித்தார்.

“எழுதுங்க சேர். என்ட ஊட்டுல சோறு இரிந்தண்டு மட்டும் மறக்காம எழுதிருங்க.”

முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வீட்டில் சோறு இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது.

2

நான் இரண்டு நாடுகளில் ஓய்வு பெற்றவன். முதலில் அம்பாறை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து முன்கூட்டியே ஓய்வு. பிறகு மெல்பேர்னில் ஒரு நகரசபையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்து, வயது வந்து ஓய்வு. எந்தப் படிவத்தை எந்த மேசையில் கொடுத்தால் எந்த மேசைக்கு அது போகாது என்பது எனக்குத் தெரியும். இங்கே இப்போது என் சேவை பெரும்பாலும் குப்பைத் தொட்டிகளுக்குத்தான். பச்சை மூடி எந்த வாரம், மஞ்சள் மூடி எந்த வாரம் என்று தெருவில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். என் மனைவி இதை என் மூன்றாவது உத்தியோகம் என்கிறாள்.

நம்மவர்கள் இங்கே கூடும் இடங்களில் பிள்ளைகள் கை நழுவிப் போவதுதான் பேச்சு. ஒருவரின் மகன் தமிழ் பேசுவதில்லை. இன்னொருவரின் மகள் பெருநாளைக்குக்கூட வருவதில்லை. என் பிள்ளையும் நழுவியவள்தான். ஆனால் அவள் நழுவி விழுந்த இடம் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்பதால், எனக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர், “அங்க என்ன குறைஞ்சு போச்செண்டு போனா?” என்று கேட்டார். நானும் அதைத்தான் அவளிடம் கேட்டிருந்தேன்.

ஷிபானா சிறு பிள்ளையாக இருந்தபோது நாங்கள் புறப்பட்டு வந்தோம். இங்கே போசணை, அதாவது சத்துணவியல், படித்து, ஒரு வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் வேலை செய்தாள். அவளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். சனிக்கிழமைப் பாடங்களுக்கு என்னிடம் புத்தகம் இருக்கவில்லை. பழைய சுற்றறிக்கைகளும் கடித வரைவுகளும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைக் கொண்டு கற்பித்தேன். அதன் பலனாக என் மகள் பேசும் தமிழில் பிழையே இராது. கேட்பவர் எழுந்து நின்று கையொப்பம் இடவேண்டும் போலிருக்கும், அவ்வளவுதான்.

“மனம் தளர்ந்த ஒருவர் முதலில் கைவிடுவது உணவைத்தான் வாப்பா,” என்றாள். “மனநல வைத்தியரிடம் செல்ல வெட்கப்படுபவர் உணவு பற்றிக் கேட்க வெட்கப்படமாட்டார். நான் வாசலில் நிற்கப் போகிறேன். வைத்தியர் உள்ளே இருப்பார்.”

இந்த விளக்கத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஆகவே டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். பதிவு வேலைகளை அவள் தனியாகச் செய்து முடிப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

3

பதிவு வேலைகள் எனக்கு நல்ல பொழுதுபோக்காக அமைந்தன. வணிகப் பெயருக்கு ஒரு விண்ணப்பம், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கு ஒரு அனுமதி என்று எல்லாவற்றையும் வரிசைப்படி அடுக்கினேன். ஓர் அலுவலகத்தில் மட்டும் ஒரு தம்பி, தொழிலின் வகை என்ற இடத்தில் ‘உணவு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சமையலறையைப் பார்வையிட ஆள் வரும் என்றார். சமையலறை இல்லை என்றேன். சமையலறை இல்லாமல் உணவுக்கடை நடத்த முடியாது என்றார். நியாயமான பேச்சு. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கிளினிக்குக்கு இடம் தந்தவர் என் மச்சான் அன்வர். பிரதான வீதியில் மருந்துக்கடைக்கு அடுத்த முன்னறை. பெயர்ப்பலகையில் ‘உணவும் மனமும்’ என்று எழுத ஷிபானா சொன்னபோது அன்வர் தலையில் கை வைத்தார்.

“மனத்த எடுத்துருங்க மகள். பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற இடமெண்டு நினைப்பாங்க. ஒரு குஞ்சும் வராது.”

“எடுக்க இயலாது மாமா. அதுவே இந்த நிலையத்தின் நோக்கம்.”

அன்வர் என்னைப் பார்த்தார். “மச்சான், ஒங்கட புள்ள பேசக்குள்ள எனக்கு அரசாங்கக் கச்சேரிக்குப் போன மாதிரி இரிக்கி.”

பலகை அப்படியே மாட்டப்பட்டது. வந்தவர்கள் முதலில் மருந்துக்கடை வாசலில் நின்று இருமல் மருந்துகளின் விலையை விசாரித்து, வீதியில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று கண்டபிறகு சட்டென்று எங்கள் பக்கம் நுழைந்தார்கள். நீரிழிவு வந்த சீனி வருத்தக்காரர்கள், கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டியவர்கள், பரீட்சைக்குப் பயந்து சாப்பாட்டை விட்ட ஒரு மாணவி. வெளியறையில் கதிரை போட்டுச் சம்பளமில்லாத எழுதுவினைஞராக நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. தொதல் என்ற இனிப்பு வந்தது, வாழைப்பழச் சீப்பு வந்தது. சீனி வருத்தக்காரர் ஒருவர் கருப்பட்டிப் பாகில் செய்த வட்டிலப்பம் கொண்டு வந்தார்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் மிக நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள். கீரை, மீன், பருப்பு, நேரத்துக்கு நேரம். அடுத்தவர் இடத்தில் இருந்துகொண்டு ‘சாப்பிடவில்லை’ என்று சொல்வது, எனக்கு ஒரு கோப்பை சோறு போடு என்று கேட்பதற்குச் சமம் என்பது நம் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஷிபானாவும் அங்கேதான் பிறந்தாள். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வயதுக்கு முன் அவளை நான் விமானத்தில் ஏற்றிவிட்டேன்.

4

ஒரு செவ்வாய்க்கிழமை ஹயாத்தும்மா வந்தார். அந்த நிந்தவூர்த் தாய்க்கு நான் வைத்திருக்கும் பெயர் இது. உடன் வந்த மகளுக்கு நஸ்ரியா என்று பெயர் வைத்துக்கொள்வோம். நஸ்ரியாவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிந்து சில வாரங்கள். குழந்தை ஹயாத்தும்மாவின் தோளில் இருந்தது. அது சிணுங்கியபோது நான் திரும்பிப் பார்த்தேன், மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நஸ்ரியா மட்டும் பார்க்கவில்லை. அவளுடைய அபாயா அவளைவிடப் பெரிய ஒருத்திக்குத் தைத்தது போல் தொங்கியது.

“மெலிஞ்சுட்டே போறா மகள்,” என்றார் ஹயாத்தும்மா. “சத்துக்கு ஏதாச்சும் எழுதித் தாங்க.”

கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஷிபானா கேள்வியை நஸ்ரியாவிடம் கேட்டாள். பதில் ஹயாத்தும்மாவிடமிருந்து வந்தது. காலையில் இத்தனை, பகல் இத்தனை, சரக்குத்தூள் போட்ட கோழிக்கறி, சுறாப் புட்டு. சோற்றுக் கோப்பையை அறைக்கே கொண்டுபோய் வைப்பதாகவும், ஒரு பருக்கை மிஞ்சாமல் திரும்பி வருவதாகவும் சொன்னார். நித்திரை எப்படி என்று ஷிபானா கேட்டாள். அதற்கும் தாயே பதில் சொன்னார். பிறகு என் மகள், தான் படித்த இடத்தில் எல்லோரிடமும் கேட்கும் ஒரு கேள்வியை, நான் கற்பித்த தமிழில் கேட்டாள்.

“தாயார் சற்று வெளியே அமருங்கள். நஸ்ரியாவிடம் தனியாகக் கேட்க வேண்டியுள்ளது. நஸ்ரியா, வீட்டில் உங்களுக்குப் போதிய உணவு கிடைக்கிறதா?”

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்து செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நம் கரையூர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் அங்கே வருவார். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், தாய் சமைப்பாள், மருமகன் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சோறு போடுகிறார்களா என்று கேட்பது, அந்தத் தாயின் முகத்துக்கு நேரே அவருடைய ஆயுள் முழுவதையும் விசாரணைக்கு எடுப்பதாகும்.

ஹயாத்தும்மா சத்தம் போடவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“என்ட புள்ளைக்கு நான் சோறு போடுறல்லண்டா கேக்கிறீங்க?”

“அப்படியல்ல. இது வழமையான ஒரு வினா.”

“எங்கட ஊருல இது வழமையில்ல மகள். எழும்பு புள்ள, போவம்.”

நஸ்ரியா எழுந்தாள். உட்காரச் சொன்னபோது உட்கார்ந்த அதே முகம்தான். கொண்டு வந்த தொதலை மட்டும் ஹயாத்தும்மா திருப்பி எடுக்கவில்லை. அது மேசையில் இருந்தது. அன்று அதை எங்களில் ஒருவரும் தொடவில்லை.

5

கரையோரத்தில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். இரண்டே நாளில் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எல்லாம் தாண்டி எங்கள் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது: வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வீடு வீடாகச் சோற்றுப்பானையைக் கணக்கெடுக்கிறாளாம். வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. சீனி வருத்தக்காரர் மட்டும், வட்டிலப்பம் கொண்டு வந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போக வந்தார்.

சமாதானத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு என்பதால் நான் சுறுசுறுப்பானேன். முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரு வீட்டாருக்கும் தெரிந்த ஒருவர். அவர் மூலம் ஒரு தூது, பிறகு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம், கடைசியாக இரு பக்கத்துப் பெரியவர்களும் ஓரிடத்தில் தேநீர். கடிதத்தை மூன்று தரம் எழுதித் திருத்தி ஷிபானாவிடம் நீட்டினேன். முதல் பந்தியை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

“வாப்பா, இது என்னுடைய வியாபாரத்துக்கு. அவளுக்கு என்ன செய்கிறீர்கள்?”

“யாருக்கு?”

“நஸ்ரியாவுக்கு. பிள்ளை அழுதபோது அவள் திரும்பவில்லை. நீங்களும் பார்த்தீர்கள். நித்திரை பற்றிக் கேட்டபோது ஜன்னலைப் பார்த்தாள். அவளைப் போன்றவர்களை நான் வேலை செய்த இடத்தில் பார்த்திருக்கிறேன். சிலர் தாமதமாகவே வந்தார்கள்.” கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். “அவளை வைத்தியர் பார்க்க வேண்டும். தேநீர் வரைக்கும் பொறுக்க முடியாது.”

பெண்ணின் பெயரை என் கடிதத்தில் ஓரிடத்திலும் நான் குறிப்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

6

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அக்கரைப்பற்றுப் பஸ்ஸில் ஏறினோம். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போவது முறையல்ல என்று பஸ்ஸில் இரண்டு தரம் சொன்னேன். ஷிபானா ஜன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹயாத்தும்மா படலையடியில் எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துத் தலையை மூடினார். “வாங்க,” என்றார். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் எதிரிக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும். என் மகள் ஏதோ வருத்தம் தெரிவிக்கப் போகிறாள், அதுவும் ‘மேற்படி விடயம்’ என்று தொடங்கப் போகிறாள் என்று நான் பயந்தேன்.

“பசிக்குது மாமி,” என்றாள் ஷிபானா. “சோறு இரிக்கா?”

இப்படி ஒரு வாக்கியத்தை நான் அவளுக்குக் கற்பிக்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டாளோ, அன்வரின் வீட்டில் கேட்டாளோ தெரியாது.

ஹயாத்தும்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். “சோறில்லாத ஊடா இது? வந்து இரிங்க.”

ஆண்களுக்கு முன்மண்டபம், பெண்களுக்குத் திரைக்குப் பின்னால். நஸ்ரியாவின் கணவர் றிபாஸ் வயல் செய்பவர். அறுவடை முடிந்த நெல்மூட்டைகள் மண்டபச் சுவரோரம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் முன்னால் எனக்குக் கோப்பை வைத்தார். உள்ளே சஹன் இறங்கும் சத்தம் கேட்டது. சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டம் நம் கல்யாண வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. சில வீடுகளில் பெண்கள் வெள்ளிக்கிழமைச் சோற்றையும் அதில்தான் சாப்பிடுவார்கள். நடுவில் கறி, அவரவர் தன் முன்னால் உள்ள சோற்றைத்தான் எடுப்பது, அடுத்தவர் பக்கம் கை போகாது.

“வா புள்ள,” என்றார் ஹயாத்தும்மா அறையைப் பார்த்து. “மனிசர் வந்திரிக்கக்குள்ள அறைக்குள்ள இரிக்கப்படா.”

நஸ்ரியா வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாய் சரசரத்தது.

என் பக்கத்தில் றிபாஸ் கோழிக்கறியை அள்ளி வைத்தார். வீட்டுக் கோழி, நல்ல கொழுப்பு. அதைச் சொன்னேன்.

“அது புதினம் சேர்,” என்றார் அவர். “இப்ப நாங்க ஒண்டும் போடுறல்ல. அறைக்குப் பின்னால நிண்டு தானாக் கொழுக்குது. புழு பூச்சி கூட போல.”

திரைக்குப் பின்னால் ஹயாத்தும்மா விருந்தினருக்கு உரிய எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். “தின்னுங்க மகள். கூச்சப்படாதீங்க. மீன எடுங்க. ஒங்கட நாட்டுல இப்பிடி மீன் இரிக்கா?” ஷிபானா ‘ஓம் மாமி’, ‘இல்ல மாமி’ என்று வாய் நிறையச் சோற்றோடு பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஹயாத்தும்மாவின் பேச்சில் இடைவெளி விழுந்தது. ‘தின்னுங்க’ என்று தொடங்கியவர் பாதியில் விட்டார். றிபாஸும் கையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“நஸ்ரியா,” என்றார் ஹயாத்தும்மா. இப்போது வேறு குரல். “ஒன்ட பக்கம் அப்பிடியே கிடக்கு.”

பாய் மறுபடியும் சரசரத்தது.

“நான் அறைக்கு வைக்கிற சோறு?”

திரைக்குப் பின்னால் நடந்ததைப் பின்னர் ஷிபானா என்னிடம் சொன்னாள்: தன்னுடைய பக்கமும் ஹயாத்தும்மாவின் பக்கமும் தட்டத்தின் அடி தெரியும்வரை குறைந்துவிட்டன. நடுவே நஸ்ரியாவின் பக்கம் மட்டும் வைத்த சோறு வைத்தபடி சுவர்போல நின்றது. நஸ்ரியா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் பார்வை ஒரு தடவை அறை ஜன்னலுக்குப் போய் வந்ததாம். அவ்வளவுதான்.

ஹயாத்தும்மா எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது உள்ளே திரும்பிச் சொன்னார்.

“தனியாக் கேக்கோணும் எண்டீங்களே மகள். கேளுங்க. நான் கிணத்தடியில நிக்கிறன்.”

பின்கதவால் அவர் எனக்குத் தெரிந்தார். கிணற்றுக்கட்டில் நின்றார். விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அறை ஜன்னலின் கீழே கோழிகள் நிலத்தைக் கிளறிக்கொண்டிருந்த இடத்தையே பார்த்தார். றிபாஸ் போய் வாளியில் தண்ணீர் அள்ளி, கை கழுவ ஊற்றுவதற்குச் சரித்துப் பிடித்தார். ஹயாத்தும்மா கையை நீட்டவில்லை. மருமகன் வாளியைச் சரித்தபடியே பக்கத்தில் நின்றார்.

உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் கேட்கவில்லை. அது என் மேசைக்கு வரவேண்டிய விடயமல்ல. நஸ்ரியாவின் குரலை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது.

பிறகு ஷிபானா கிணற்றடிக்குப் போனாள். “இது ஒங்கட சமையல்ட பிழையில்ல மாமி. அவட பிழையுமில்ல. புள்ள பெத்த சிலருக்கு வாற வருத்தம். சுகமாகும். ஆனா என்னால மட்டும் ஏலா. ஆஸ்பத்திரியில டொக்டரிட்டக் காட்டோணும். நானும் வாறன்.”

“ஊர் கேட்டா என்னண்டு சொல்ற?”

“சாப்பாட்டு விசயமாப் போறமெண்டு சொல்லுங்க. பொய்யில்லத்தானே.”

ஹயாத்தும்மா அப்போதுதான் வாளிக்குக் கையை நீட்டினார்.

7

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன், இதையெல்லாம் திட்டமிட்டா போனாய் என்று. “மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் வாப்பா,” என்றாள். “எனக்குப் பசியும் இருந்தது.” இரண்டில் எதை நம்புவது என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மெல்பேர்னுக்கு நான் தனியாகத்தான் திரும்பினேன். இங்கே எனக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கோப்பைகள். என்னுடையதில் உப்புக் குறைவு, அவளுடையதில் சீனிக் குறைவு. அவள் தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிடுவாள், நான் பத்திரிகைக்கு முன்னால். திரும்பி வந்த புதிதில் ஒருநாள், பெருநாளைக்கு மட்டும் இறக்கும் சஹனை நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவினேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ சாப்பிடுகிறாயா என்று பார்க்கிறேன் என்றேன். “அங்க வெயில்ல நல்லாத் திரிஞ்சிருக்கிறீங்க,” என்றாள். ஆனாலும் எதிரே உட்கார்ந்தாள்.

நஸ்ரியாவின் சிகிச்சை நீண்டது. நல்ல நாட்களும் கெட்ட நாட்களும் இருந்தன. ஒருமுறை சில நாட்கள் வைத்தியசாலையில் தங்கவும் வேண்டி வந்தது. தொழில் இரகசியம் என்பதால் ஷிபானா எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. இவ்வளவும் ஹயாத்தும்மா தானாகச் சொன்னது. கிளினிக்கைப் பற்றி மட்டும் மகள் சொல்வாள். உள்ளறையில் மேசையை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருக்கிறாளாம். முதல் தடவை வருபவர்களோடு பகல் சாப்பாடு, வீட்டாரும் வரலாம், கேள்விகள் பிறகு. சோறு ஹயாத்தும்மா வீட்டிலிருந்து நிந்தவூர் பஸ்ஸில் வருகிறது. அந்த அலுவலகத்துத் தம்பிக்கு இப்போது சமையலறை எங்கே என்று கேட்க முழு உரிமை உண்டு என்றேன். பலகையில் மனம் இன்னும் இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் நின்று இருமல் மருந்து விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அனுமதி கேட்ட அந்த அழைப்பில், சோறு இருந்ததை எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. மறுமுனையில் ஹயாத்தும்மா யாரையோ மெதுவாகப் பேசச் சொன்னார். குழந்தை சிரிக்கும் சத்தமும், அதைச் சிரிக்க வைக்கும் இன்னொரு குரலும் கேட்டன. அந்தக் குரலை நான் ஒரு திரைக்கு இப்பால் இருந்து முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

“என்னத்தச் சொல்ல சேர்,” என்றார் ஹயாத்தும்மா. “கோழியெல்லாம் மெலிஞ்சு போச்சு.”